பஞ்சுவின் முறை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று நாற்பத்திரண்டுக்கு. நல்ல வெயில். தெருவில் ஆள் நடமாட்டம். எதிர்க்கடையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்த கரப்பான் பூச்சி நான் வீட்டுக்கு வந்து சொல்வதற்குள் பெருச்சாளி ஆகிவிடும் என்பாள் என் மனைவி. ஆனால் இதில் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. சேர்க்க இடமில்லை. அத்தனையும் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக்கூடாது.

முப்பத்தாறு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். ஹோட்டல் சமையலறைகள், இறைச்சிக் கிடங்குகள், சாக்கடைக் குழிகள், எல்லாம் என் ராஜ்ஜியம். எலி மிதந்த எண்ணெய்ச் சட்டிக்குள் கையை விட்டு, வாலைப் பிடித்துத் தூக்கி முதலாளி முகத்துக்கு நேரே ஆட்டியிருக்கிறேன். அன்று மத்தியானம் அதே கையால் வயிறாரச் சாப்பிட்டேன். (கழுவினேன். ஆனால் கழுவவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.) குமட்டல் என்றால் என்னவென்றே என் வயிற்றுக்குத் தெரியாது என்று ஐம்பது வருஷம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கல்லூரியில் நாங்கள் விலங்கியல். பதினோரு பேர். பிரிகிற அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு பெரிய கவர், அதற்குள் ஆளுக்கொரு கடிதம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அது தபாலில் சுற்றும். உங்கள் முறை வந்தால் எல்லோருடையதையும் படிக்க வேண்டும். உங்கள் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அதற்குச் சுற்றுக் கட்டு என்று பெயர். செல்போன் வந்தும் கட்டு நிற்கவில்லை. ஆட்கள்தான் ஒவ்வொருவராக நின்றார்கள். பதினொன்று நாலாயிற்று.

முதலில் அக்கா. எங்களைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா. பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். அடுத்து பஞ்சு. அவனுக்கடுத்து நான். கடைசியில் மாட்டு டாக்டர். அவனிடமிருந்து திரும்பவும் அக்காவுக்கு.

பஞ்சு என்பது பட்டப்பெயர். பரிசோதனைக் கூடத்தில் தவளையை அறுக்கும்போது வாடை தாங்காமல் மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பான். உலகத்திலேயே சுத்தமான மனிதன் அவன்தான். வேலை பார்த்ததும் சோப்புத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில்! கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் டூத்பேஸ்ட்டை இன்னொருத்தி அழுத்துவாள் என்ற நினைப்பே அவனுக்கு ஆகாது. அவன் வீட்டுக்குப் போனால் செருப்பை வெளியே விட்டு, குழாயடியில் முழங்கால்வரை கழுவி, அவன் தருகிற துண்டில் துடைத்து, அப்புறம்தான் உள்ளே. என் வீட்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். நான் ஒரே ஒரு தடவை போனேன். இந்த ஆபரேஷன் தியேட்டருக்கு இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வயசானவர்கள் எழுத என்ன இருக்கிறது? சர்க்கரை, மூட்டு, மலச்சிக்கல். படிக்கவே சலிப்பாக இருந்தது. நான்தான் ஒரு போட்டி ஆரம்பித்தேன். அருவருப்புப் போட்டி. தன் உடம்பைப் பற்றி யார் ரொம்பக் கேவலமாக எழுதுகிறாரோ அவருக்குப் பரிசு, கல்லூரியிலிருந்து நாங்கள் திருடி வந்த மெழுகு பூசிய அறுவைத் தட்டு. அக்கா, பேரனுடைய பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதியபோது தன் பல் செட் கேக்குக்குள் பாய்ந்ததை எழுதினாள். மாட்டு டாக்டர் தன் மூலத்துக்கு மாட்டுக் களிம்பைத் தடவியதை எழுதினான். நான் எழுதியது, கால் கட்டைவிரல் நகம் கழன்று டீக்குள் விழுந்ததும் அதை நான் விழுங்கியதும். நகம் கழன்றது நிஜம். டீ என் கைச்சரக்கு. ஏழு வருஷமாகத் தட்டு என் வீட்டில்தான். அதில் வேர்க்கடலை வைத்துச் சாப்பிடுவேன்.

பஞ்சு மட்டும் கலந்துகொள்ளவே மாட்டான். "நலம். நீங்கள் திருந்தவில்லை" என்று இரண்டு வரி. தாளில் பவுடர் மணக்கும். ஜனவரியில் அவனைச் சீண்டி நான் எழுதினேன்: "உனக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? ஒரே ஒரு தடவை எங்களைக் குமட்ட வை பார்க்கலாம்."

மார்ச் நாலாம் தேதி, செவ்வாய். காலை பதினொன்று இருபதுக்குக் கட்டு வந்தது.

கவரின் கீழ் மூலையில் பழுப்பாக ஒரு கறை. தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். கரண்ட் போன இறைச்சிக் குளிரறை... மூன்றாம் நாள். என் வேலையில் எத்தனையாவது நாள் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

பஞ்சுவின் கடிதம் அதே முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது.

"நண்பர்களுக்கு. நலம் என்று எழுத இம்முறை இயலவில்லை. வயிற்றின் வலப்பக்கம் அடியில் பச்சையாக ஒரு திட்டு, உள்ளங்கை அகலம். வலி இல்லை. வயிறு உப்பிச் சட்டைப் பொத்தான்கள் இரண்டு தெறித்துவிட்டன. பசி அறவே இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு வாடை. என்னிடமிருந்துதான் வருகிறது. மூன்று வேளை குளித்தும் போகவில்லை. யாராவது வந்து பார்த்தால் நல்லது. கதவைத் தாழிடவில்லை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். சோபாவில் உருண்டு சிரித்தேன்.

"அடியே, இங்க வா! நம்ம பஞ்சு போட்டியில குதிச்சிட்டான். கவர்ல வாசனை வேற சேத்து அனுப்பியிருக்கான், படவா!"

மனைவி எட்டத்திலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, அவருக்கு நிஜமாவே முடியலையோ என்னவோ. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"போனா முழங்கால் வரைக்கும் கழுவச் சொல்லுவான்டி."

என் பதிலில் எழுதினேன்: "நல்ல ஆரம்பம் பஞ்சு. ஆனால் தட்டு வேண்டுமென்றால் இன்னும் முயற்சி தேவை." எழுதியது நான்தான். இந்தக் கைதான்.

ஏப்ரல் எட்டு. மறுபடி செவ்வாய். மறுபடி பதினொன்று இருபது.

இந்தத் தடவை தபால்காரர் கட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இதுல என்ன சார் இருக்கு? என் பையில மத்த தபாலெல்லாம் நாறுது" என்றார். கவர் ஊறிப்போயிருந்தது. ஒட்டும் மடிப்பில் ஒரு நரைமுடிக் கொத்து. வேரோடு. வேரில் சின்னதாக மஞ்சளாய் ஏதோ.

மனைவி இடுக்கியால் கவரைத் தூக்கிப் பால்கனியில் போட்டாள். பிறகு குளியலறைக்கு ஓடினாள். நாலு தடவை ஓங்கரித்த சத்தம் கேட்டது. நான் கையுறை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்று படித்தேன்.

"கை கழுவும்போது வலது கைத் தோல் கழன்று வந்துவிட்டது. நகங்களோடு முழுதாக, ஓர் உறை போல. சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன். முடி தலையணையோடு தங்கிவிட்டது. இடது கண்ணில் வெள்ளையாகச் சில நெளிகின்றன. எண்ணிப் பார்த்தேன், முடிக்க முடியவில்லை. எவ்வளவு பஞ்சு அடைத்தும் போதவில்லை. எனக்கே என்னைச் சகிக்கவில்லை. அக்காவும் டாக்டரும் வர வேண்டாம். பயந்துவிடுவார்கள். நீ வா. நீதான் எதற்கும் குமட்டாதவன். உள்ளே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ. அது போதும்."

கொடியில் காயப் போட்டிருக்கிறானாமே! எனக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. ஐம்பது வருஷம் சுத்தம் சுத்தம் என்று இருந்தவன் உள்ளுக்குள் இத்தனை சரக்கை ஒளித்து வைத்திருந்தானா! உடனே எழுதினேன்: "முதல் பரிசு பஞ்சுவுக்கே. தட்டை நானே நேரில் கொண்டு வந்து தருகிறேன்."

கட்டை மாட்டு டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். நேரில் போவதை மறந்தும் விட்டேன்.

ஏப்ரல் பதினேழு, வியாழன். காலை எட்டு ஐந்து. போனில் மாட்டு டாக்டர். எப்போதும் கெட்ட வார்த்தையில்தான் பேச்சை ஆரம்பிப்பான். அன்று ஆரம்பிக்கவில்லை.

"டேய்... பஞ்சு எழுதினதப் படிச்சியா? கட்ட அக்காவுக்கு அனுப்பினப்புறமும் எனக்கு மனசு கேக்கல."

"படிச்சேன். இந்த வருஷம் தட்டு அவனுக்குத்தான்."

"சிரிக்காத. நான் எத்தனை செத்த மாட்டப் பாத்திருக்கேன் தெரியுமா? முதல்ல அடிவயித்துல பச்ச. அப்புறம் உப்பும். அப்புறம் தோல் கழலும், முடி உதிரும். கடைசியா புழு." மூச்சு வாங்கினான். "வரிசை மாறாம எழுதியிருக்கான்டா."

"அவனும் விலங்கியல்தானேடா படிச்சான்? புத்தகத்தப் பாத்து எழுதியிருப்பான்."

"அப்ப அந்த முடி? பூதக்கண்ணாடியில பாத்தேன். அது புத்தகத்துலருந்து வரல. நீதான் பக்கத்துல இருக்க. உயிரோட இருந்தா ஆஸ்பத்திரில சேத்துடு. இல்லன்னா... யாராவது ஒருத்தர் போகணும்ல?"

எட்டு இருபதுக்குப் பஞ்சுவின் வீட்டு எண்ணுக்கு அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பஞ்சு! ஊரையே கலங்கடிச்சிட்டியேடா!"

ஒரு சத்தம் மட்டும். சேற்றில் கால் வைத்து எடுப்பது போல. சளக்... சளக்...

பிறகு, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு சொல்.

"வா."

தட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடுத்த ரயில் மத்தியானம் ஒன்றேகாலுக்குத்தான். ரயிலில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு போனேன். அவனுக்குத் தொண்டையில் ஏதோ கட்டி. ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம். பல் இல்லை, அதனால்தான் பேச்சு அப்படி. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

மூன்று முப்பதுக்கு அவன் தெரு. எதிரே தையல் கடை. கடைக்காரம்மா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுக்கா? சாக்கடை அடைச்சிருக்கு போல. மூணு தடவ புகார் குடுத்துட்டோம், ஒருத்தரும் வரல."

"அவர் இருக்காராம்மா?"

"இருக்காரே. வெளியதான் வர்றதில்ல. நாள் பூரா தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். குளிச்சிக்கிட்டே இருப்பாரு, பாவம்."

மூன்று முப்பத்தெட்டு. கேட்டைத் தள்ளினேன்.

வாடை வந்து முகத்தில் அறைந்தது. எலி, மீன், மாட்டுக் குடல், முட்டைக் கிடங்கு... என் முப்பத்தாறு வருஷமும் அதற்குள் இருந்தது. அதற்கு மேலே சோப்பு மணம். எக்கச்சக்கமான சோப்பு மணம்.

அந்தச் சோப்பு மணத்தில்தான் என் வயிறு முதல் முறையாகப் புரண்டது.

குழாயடியில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது. சுத்தமான வெள்ளைத் துண்டு. விருந்தாளிக்கு.

பக்கவாட்டில் துணிக்கொடி. இரண்டு பனியன். ஒரு லுங்கி. அதற்கடுத்து, கிளிப் மாட்டி...

பழுப்பாக ஒன்று. ஐந்து விரல். ஐந்து நகம். காற்றில் லேசாக ஆடியது. என்னை வாவென்று கூப்பிடுவது போல.

கைக்குட்டையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மூன்று நாற்பத்திரண்டு. கதவு. தாழில்லை. நாலு விரல் அகலம் திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. பேனா தாளில் உரசும் சத்தம். கிறுக்... கிறுக்...

"பஞ்சு?"

சத்தம் நின்றது.

நாற்காலி நகர்ந்தது.

சளக்...

சளக்...

"காலக்... கழுவிட்டு... உள்ள வா."

அவன் குரல்தான். சத்தியமாக அவன் குரல்தான்.

ஒரு அடி. ஒரே ஒரு அடிதான். வைத்திருந்தால் அவனைப் பார்த்திருப்பேன். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

கதவிடுக்கில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

எலும்பு... விரல் எலும்பு... கதவின் விளிம்பைப் பிடித்துத் திறந்தது. மெதுவாக. மரியாதையாக.

என் கையிலிருந்து தட்டு விழுந்தது. டங்...

ஓடினேன். எழுபத்து மூன்று வயசில் ஓடினேன். தையல் கடை வாசலில் போய் விழுந்து, காலையிலிருந்து தின்றது, நேற்றுத் தின்றது, முந்தாநாள் தின்றது எல்லாவற்றையும் அந்தம்மாவின் துணிக்கட்டின் மேல் கக்கினேன்.

நாலு இருபதுக்குப் போலீஸ் வந்தது. உள்ளே போன இளம் கான்ஸ்டபிள் அரை நிமிஷத்தில் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். பஞ்சு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தானாம். வாசலைப் பார்த்தபடி. வீட்டில் வேறு யாரும் இல்லையாம்.

"நண்பர்தானே நீங்க? உள்ள வந்து ஒரு தடவ பாத்து அடையாளம் சொல்லிடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னால முடியாதுங்க."

"முகத்த மட்டும் பாத்தா போதும். அரை நிமிஷம்."

"முடியாதுங்க!"

கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கைக்கடிகாரத்தைக் கொண்டு வந்து காட்டினார்கள். அவனுடையதுதான் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தபோதும் நான் போகவில்லை. முதுகு வலி என்று அக்காவிடம் பொய் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அக்காவும் மாட்டு டாக்டரும் போய் நின்றார்கள். பெட்டியை மூடிவிட்டார்களாம். யாரும் பார்க்கவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் மாட்டு டாக்டர் பேசினான். மாரடைப்பு. இறந்து குறைந்தது பத்து வாரம் ஆகியிருக்கும் என்றாராம். அப்படியென்றால் பிப்ரவரி முதல் வாரம்.

எனக்கு அந்தக் கடிதங்கள் வந்தது மார்ச்சிலும் ஏப்ரலிலும்.

"வேற யாராவது எழுதியிருப்பாங்களோ?" என்றேன் போனில்.

"எதுக்கு எழுதணும்? யாருக்கு என்ன லாபம்?" என்றான்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் அக்கா ஒரு காரியம் செய்திருந்தாள். எங்களுக்கு விஷயம் தெரிவதற்கு முந்தைய நாள், மாட்டு டாக்டரிடமிருந்து வந்த கட்டில் தன் கடிதத்தையும் வைத்து, வரிசைப்படி பஞ்சுவின் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிட்டாள். ஐம்பத்திரண்டு வருஷத்துக் கட்டு. அது ஆளில்லாத வீட்டுக்குள் போய் விழக்கூடாது.

"நீ போய்த் தபாலாபீஸ்ல வாங்கி வச்சிக்கடா. அந்த வீட்டுக்குப் போக வேணாம். இதையாவது செய்" என்றாள் அக்கா. அந்த 'இதையாவது' எனக்குச் சுருக்கென்று குத்தியது.

ஏப்ரல் இருபத்து நாலு, வியாழன். காலை பதினொன்று ஐந்து. பஞ்சு வீட்டுத் தெருக்கோடியில் சின்னத் தபாலாபீஸ். ஒரே ஒரு கவுண்டர். அங்கே ஒரு பெண். என் மகள் வயசிருக்கும். விலாசத்தைச் சொன்னேன்.

"அந்தப் பெரிய கவரா சார்? அதை அவரே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே."

"யாரு?"

"அந்தப் பெரியவர்தான். மாசா மாசம் வருவாரே. கூட்டம் கலைஞ்சப்புறம்தான் வருவார். கவுண்டருக்குப் பக்கத்துலயே வரமாட்டார். 'தள்ளி நின்னுக்கம்மா, வாடை வரும்'னு அவரே சொல்லிடுவார். ரொம்ப மரியாதையானவர் சார்."

"எப்ப... எப்ப வந்தார்?"

பதிவேட்டைத் திருப்பினாள்.

"செவ்வாய்க்கிழமை. பதினொன்னு இருபது."

ஞாயிற்றுக்கிழமைதான் அவனை மண்ணுக்குள் வைத்தார்கள்.

நான் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அதில் ஏதோ ஒட்டியது. கையை எடுத்துவிட்டேன். என்ன என்று பார்க்கவில்லை.

"கட்டைத் திரும்ப எங்கேயாவது அனுப்பினாராம்மா?"

"இல்ல சார். நானும் கேட்டேன், வழக்கம்போல இப்பவே அனுப்பிடலாமான்னு. 'இந்தத் தடவ தபால் வேண்டாம், அடுத்த ஆள் என்னப் பார்க்க வந்து வாசலோட திரும்பிட்டான், நானே நேர்ல போய்க் கொடுத்துடறேன்'னு சொன்னார். விலாசத்தக் காட்டி எப்படிப் போகணும்னு வழி கேட்டார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எந்த ரயில், எங்க இறங்கணும், எந்தத் தெரு... எல்லாம் நான்தான் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். தப்பில்லையே சார்?"